போர்வெல் ஓடினால் ஆறு ஏன் குறைகிறது? மாநிலங்களின் நீர்ப்பங்கீட்டில் கிணற்றுக் கணக்கு

இரண்டு மாநிலங்கள் ஒரு ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மேல்மாநிலம் புதிதாக அணை எதுவும் கட்டவில்லை, கால்வாயை அகலப்படுத்தவில்லை. மழையும் ஏறக்குறைய பழைய அளவுதான். ஆனாலும் எல்லையைத் தாண்டி வரும் தண்ணீர் பத்து, இருபது ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இளைத்துவிடுகிறது. எங்கே போகிறது என்று தேடிப் போனால், ஆற்றங்கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, ஆற்றையே பார்த்திராத ஒரு வயலில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆற்றுநீர்த் தகராறு என்றதும் நமக்கு அணையும் மதகும்தான் கண்முன் வருகின்றன. கிணறு வருவதில்லை. கிணற்றை ஆற்றுக் கணக்கில் சேர்ப்பதா, சேர்த்தால் எவ்வளவு, எப்போது, யார் பெயரில் என்ற கேள்விகளைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்த வழக்கு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கொலராடோ, நெப்ராஸ்கா, கன்சாஸ் ஆகிய மூன்று மாநிலங்கள் பகிர்ந்துகொள்ளும் ரிபப்ளிகன் ஆற்று வழக்கு. காவிரியைவிட மிகச் சிறிய ஆறு. ஆனால் கணக்குப் போடும் விதத்தில் அது படிக்க வேண்டிய ஆறு. முதலில் அடிப்படையைப் பார்த்துவிட்டு அங்கே போகலாம். காவிரிக்குக் கடைசியில் வருவோம்.

மழை இல்லாத மாதத்தில் ஓடுவது எந்தத் தண்ணீர்?

மழை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் ஆற்றில் தண்ணீர் ஓடினால், அது அணையிலிருந்து திறந்துவிட்டதாக இருக்க வேண்டும், அல்லது நிலத்துக்கு அடியிலிருந்து கசிந்து வருவதாக இருக்க வேண்டும். மணலும் சரளையும் நிறைந்த படுகைகளில் நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுமட்டத்தைவிடச் சற்று உயரமாக இருக்கும். அந்த உயர வித்தியாசம்தான் தண்ணீரை ஆற்றை நோக்கித் தள்ளுகிறது. ஊற்றுக்கால் என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கசிவால் வருவதே.

இடையில் ஒரு கிணறு வந்தால் இரண்டு காரியம் நடக்கலாம். ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த கசிவைக் கிணறு வழியிலேயே பிடித்துக்கொள்ளும். இன்னும் அதிகமாக இறைத்தால் நீர்மட்டம் ஆற்றுமட்டத்துக்குக் கீழே இறங்கி, ஓட்டம் தலைகீழாகி, ஆற்றுத் தண்ணீரே மணல் வழியாகக் கிணற்றுப் பக்கம் போகும். இரண்டிலும் ஆற்றுக்கு நட்டம் ஒன்றுதான்.

இதில் எல்லோரும் தவறவிடுவது காலதாமதத்தை. மோட்டாரைப் போட்ட முதல் நாள் வெளியே வருவது கிணற்றைச் சுற்றித் தேங்கியிருக்கும் நீர். நீர்மட்டத்தில் விழும் பள்ளம் மெல்ல மெல்ல விரிந்து ஆற்றைத் தொட்ட பிறகுதான் ஆறு குறையத் தொடங்கும். எவ்வளவு நாளாகும் என்பதை மூன்று எண்கள் முடிவுசெய்கின்றன. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம், மணல் எவ்வளவு நீரைத் தேக்கிவைத்திருக்கிறது என்ற விகிதம், அந்த அடுக்கின் வழியாக நீர் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்ற கடத்துதிறன். தூரத்தை அதனாலேயே பெருக்கி, தேக்க விகிதத்தாலும் பெருக்கி, கடத்துதிறனால் வகுத்தால் ஒரு நாள்கணக்கு கிடைக்கும். நீரியலாளர்கள் 1960களிலிருந்து கைக்கணக்காகப் போட்டுவரும் சூத்திரம் இது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தேக்க விகிதம் 0.2, கடத்துதிறன் நாளொன்றுக்கு 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மணல்படுகைக்கு இது பொருந்தும். கிணறு ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டரில் இருந்தால் நாள்கணக்கு 200. அந்தக் கிணறு இடைவிடாமல் ஓடினால், ஒரு மாத முடிவில் இறைக்கும் நீரில் சுமார் 7 சதவீதம்தான் ஆற்றின் கணக்கிலிருந்து வரும். 200ஆம் நாளில் 48 சதவீதம். ஓராண்டில் 60 சதவீதம்.

அதே கிணற்றை 5 கிலோமீட்டர் தள்ளிப் போடுங்கள். தூரம் ஐந்து மடங்கு, நாள்கணக்கு இருபத்தைந்து மடங்கு, அதாவது 5,000 நாள். ஓராண்டு முடிவில் ஆற்றுக்குப் பாதிப்பு 1 சதவீதம்கூட இருக்காது. "எங்க கிணத்துக்கும் ஆத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அந்த விவசாயி கேட்டால் அவர் பார்வையில் நியாயம்தான். ஆனால் பத்தாம் ஆண்டில் அது 41 சதவீதம் ஆகியிருக்கும். முப்பதாம் ஆண்டில் 63.

பத்தாம் ஆண்டில் மோட்டாரை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அடுத்த ஓராண்டில் ஆற்றின் இழப்பு குறையாது. 41இலிருந்து 42 சதவீதத்துக்கு ஏறும். நிறுத்தி ஐந்தாண்டு கழித்தும் 26 சதவீதம் மிச்சமிருக்கும். விரிந்துபோன பள்ளம் நிரம்ப வேண்டும், நிரப்புவதற்கான தண்ணீரையும் ஆற்றுப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆற்றிடம் வாங்கிய பழைய கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; வாங்குவதை நிறுத்தினாலும் தவணை நிற்காது. (இது ஆறு நேர்கோடாகவும் மணல் ஒரே சீராகவும் இருப்பதாக எண்ணிப் போட்ட கணக்கு. ஆற்றடியில் களிமண் படிந்திருந்தால் தாமதம் இன்னும் கூடும்.)

இனி வருகிற சண்டைகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தாமதமே வேர். ஆறு குறைவதைப் பார்த்து விழித்துக்கொள்ளும் நேரத்தில், அடுத்த பத்தாண்டின் குறைவும் ஏற்கெனவே இறைத்து முடிந்திருக்கும்.

1942: கிணறு என்ற சொல்லே இல்லாத ஒப்பந்தம்

ரிபப்ளிகன் ஆறு கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் தொடங்கி, கன்சாஸின் வடமேற்கு மூலையைத் தொட்டு, நெப்ராஸ்காவின் தெற்குப் பகுதியில் நீளமாக ஓடி, மறுபடி கன்சாஸுக்குள் நுழைகிறது. 1942 கடைசியில் மூன்று மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டன. 1943இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. மனிதர் கை படாமல் இருந்தால் படுகையில் ஆண்டுக்குக் கிடைக்கும் நீர் 4,78,900 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) என்று கணித்தார்கள். நமக்குப் பழகிய அலகில் சொன்னால் ஏறத்தாழ 20.9 டிஎம்சி. இதில் நெப்ராஸ்காவுக்கு 2,34,500 (49 சதவீதம்), கன்சாஸுக்கு 1,90,300 (40 சதவீதம்), கொலராடோவுக்கு 54,100 (11 சதவீதம்).

ஒரு நுணுக்கம் உண்டு. பங்கிட்டது எடுக்கும் நீரை அல்ல, தீர்ந்துபோகும் நீரை. வயலில் பாய்ந்து பயிர் உறிஞ்சியதும் ஆவியானதும்தான் செலவு. வடிந்து ஆற்றுக்குத் திரும்புவது செலவில் சேராது. காவிரியில் எல்லையில் எவ்வளவு தர வேண்டும் என்று டிஎம்சியில் சொல்கிறோம். அங்கே யார் எவ்வளவு தீர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முந்தையதை எல்லையிலுள்ள அளவு நிலையத்தில் பார்த்துவிடலாம். பிந்தையதற்கு ஒவ்வொரு வயலுக்கும் கணக்கு வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் நிலத்தடி நீர் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அப்போது அந்தச் சமவெளியில் கிணற்றுப் பாசனம் பெயரளவுக்குத்தான் இருந்தது. நிலைமையை மாற்றியது சென்டர் பிவட். கிணற்றை மையமாக வைத்து, சக்கரங்களின் மேல் நிற்கும் நீண்ட குழாய் வட்டமாகச் சுற்றித் தெளிக்கும் இயந்திரம். ஃபிராங்க் ஸைபாக் என்ற கொலராடோ விவசாயி உருவாக்கி 1952இல் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் மேடுபள்ளமான நிலத்தில் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்ய முடியாது. இது வந்த பிறகு மேட்டு நிலமெல்லாம் மக்காச்சோள வயலானது. கீழே ஓகலாலா என்னும் மிகப் பெரிய நிலத்தடி நீர்த்தாங்கி. படுகை முழுக்கக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது பிரச்சினையை முற்றவைத்தது. கன்சாஸில் 1945 முதலே ஆற்றுநீருக்கும் கிணற்றுநீருக்கும் ஒரே உரிம முறை. முதலில் வந்தவருக்கு முதல் உரிமை. நெப்ராஸ்காவில் ஆற்றுநீரை மாநில அரசுத் துறை கவனிக்கும். கிணற்றுநீர் 1972இல் வந்த இயற்கை வள வட்டங்களின் பொறுப்பு. இந்த வட்டங்களின் நிர்வாகக் குழு உள்ளூர்த் தேர்தலில் வருவது. வாக்காளர்களில் கிணறு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கட்டுப்பாடு ஏன் தாமதமானது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

வழக்கு

1998இல் கன்சாஸ் நேராக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாநிலங்களுக்கிடையிலான வழக்கு அங்கே முதல் நிலையிலேயே உச்ச நீதிமன்றத்தில்தான் நடக்கும். சாட்சியம், கணக்கு எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை தர நீதிமன்றம் ஒரு சிறப்பு அலுவலரை நியமிக்கும்.

நெப்ராஸ்காவின் வாதம்: ஒப்பந்தத்தில் நிலத்தடி நீர் என்று எழுதவே இல்லை, எழுதாததைக் கட்டுப்படுத்த முடியாது. கன்சாஸின் வாதம்: மனிதர் செயலால் குறையாத நீர் என்றுதானே மொத்தத்தையே கணித்தோம், கிணறு வெட்டுவது மனிதர் செயல் இல்லையா? சிறப்பு அலுவலர் வின்சென்ட் மெக்யூசிக் 2000 ஜனவரியில் கன்சாஸ் பக்கம் நின்றார். கிணற்றில் இறைப்பது முழுவதும் சேராது. ஆற்றின் ஓட்டத்தை எவ்வளவு குறைக்கிறதோ அவ்வளவு மட்டும் அந்த மாநிலத்தின் செலவில் எழுதப்படும்.

நியாயமான வரையறைதான். ஆனால் அதை எப்படி அளப்பது? ஆற்றின் ஓட்டத்தை அளக்கலாம், கிணற்றில் இறைப்பதை அளக்கலாம். கிணற்றால் ஆறு இழந்ததை அளக்கும் கருவி உலகத்தில் இல்லை. கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். ஆகவே 2002 டிசம்பரில் சமரசத்துக்கு வந்த மூன்று மாநிலங்களும் (2003இல் நீதிமன்றம் ஏற்றது) சேர்ந்து ஒரே கணினி மாதிரியை உருவாக்க ஒப்புக்கொண்டன. ஆளுக்கொரு மாதிரி வைத்து நிபுணர்களை மோதவிட்டிருந்தால் வழக்கு இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும். இந்த ஒரு முடிவுதான் ரிபப்ளிகன் ஆற்றில் நடந்தவற்றில் மிகச் சிறந்தது என்பேன்.

மாதிரி வேலை செய்யும் விதம் எளிது. படுகையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மழை, கசிவு, இறைப்பு எல்லாம் கொடுத்து ஓட்டுகிறார்கள். எல்லாக் கிணறுகளும் ஓடுவதாக ஒருமுறை, ஒரு மாநிலத்தின் கிணறுகளை மட்டும் அணைத்துவிட்டு இன்னொருமுறை. இரண்டு ஓட்டத்திலும் ஆற்றுக்கு வந்த கசிவின் வித்தியாசமே அந்த மாநிலத்தின் கிணற்றுச் செலவு. பழைய இறைப்பின் தாமதப் பாதிப்பும் இதில் தானாக வந்து விழும்.

வறட்சி ஆண்டு ஒன்றை வைத்து எந்த மாநிலத்தையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதால் ஐந்தாண்டு சராசரி பார்க்கிறார்கள். ஆனால் நெப்ராஸ்காவிலுள்ள ஹார்லன் கவுண்டி ஏரியில் பாசனத்துக்குக் கிடைக்கும் நீர் 1,19,000 ஏக்கர்-அடிக்கு (சுமார் 5.2 டிஎம்சி) கீழே போனால் அது நீர்ப்பஞ்ச ஆண்டு, அப்போது சராசரி இரண்டு ஆண்டாகச் சுருங்கும். வசதியான ஆண்டுகளின் மிச்சத்தைக் காட்டிப் பஞ்ச காலத்தில் கீழ்மாநிலத்தைக் காயவிட முடியாது.

மீறினால்

சமரசம் ஆன மை காய்வதற்குள் நெப்ராஸ்கா சறுக்கியது. 2005, 2006 ஆண்டுகளில் பங்கைவிட 70,869 ஏக்கர்-அடி, அதாவது 3 டிஎம்சிக்குச் சற்றுமேல், அதிகம் செலவழித்தது. உரிய பங்கைவிட 17 சதவீதம் அதிகம். கட்டுப்பாடு கொண்டுவராமல் இல்லை. கொண்டுவந்ததில் வேகமும் அளவும் போதவில்லை. முந்தைய பல ஆண்டுகளின் இறைப்பு அப்போதுதான் ஆற்றைக் குறைத்துக்கொண்டிருந்தது, கூடவே வறட்சி.

2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கன்சாஸுக்கு ஏற்பட்ட இழப்பு 37 லட்சம் டாலர். அதோடு விடவில்லை; மேற்கொண்டு 18 லட்சம் டாலரைப் பறித்தார்கள். ஏன் என்பது முக்கியம். ஒரே அளவு தண்ணீர் நெப்ராஸ்கா வயலில் தரும் வருமானம், கன்சாஸ் வயலில் தருவதைப்போலப் பல மடங்கு. இழப்பீடு மட்டும் கட்டினால் போதும் என்றால், மேல்மாநிலம் தெரிந்தே மீறி, லாபத்தில் ஒரு துண்டைக் கீழ்மாநிலத்துக்கு வீசிவிட்டுப் போகலாம். தெரிந்தே ஆபத்துக்கு உட்படுத்தியதால் லாபத்திலும் ஒரு பகுதி போகட்டும் என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்பில் நெப்ராஸ்காவுக்கும் ஒரு வெற்றி கிடைத்தது. கணக்கில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். பக்கத்திலுள்ள பிளாட் ஆற்றின் கால்வாய்களிலிருந்து கசியும் நீர் நிலத்தடியில் குவிந்து ரிபப்ளிகன் படுகைக்குள் வருகிறது. அது இந்த ஆற்றின் நீரே அல்ல, அதைத் தீர்ப்பது மீறலும் அல்ல. ஆனால் மாதிரி அதையும் செலவாக எழுதிவிட்டது. எப்படி? ஒரு ஓடையில் சொந்த நீர் 10, வெளியிலிருந்து வந்தது 5, கிணறுகள் இழுக்கும் திறன் 15 என்போம். கிணறு ஓடினால் ஓடையில் 0, ஓடாவிட்டால் 15. வித்தியாசம் 15, அதுதான் செலவு. வெளிநீருக்கான வரவு எவ்வளவு? கிணறுகள் ஓடும் நிலையில், வெளிநீர் இருந்தாலும் ஓடை 0, இல்லாவிட்டாலும் 0. ஆக வரவு 0. இருந்ததே 10தான், செலவுப் பக்கம் 15! வெளிநீரை முதலிலேயே நீக்கிவிட்டு மாதிரியை ஓட்டினால் 10 என்ற சரியான விடை வரும். ஓடை வற்றும் இடத்தில் கூட்டல் கழித்தல் நேர்க்கோட்டில் போகாது என்பதை மாதிரி போட்டவர்கள் கவனிக்கவில்லை.

வரம்பு வயலுக்கு வரும்போது

மாநிலத்துக்கு விழுந்த வரம்பு விவசாயியிடம் எந்த வடிவில் வந்து சேர்கிறது? அங்குலத்தில். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும் நீர், ஏறக்குறைய 1,03,000 லிட்டர். பதிவுபெற்ற பாசன ஏக்கர் ஒவ்வொன்றுக்கும் இத்தனை அங்குலம் என்று வட்டம் ஒதுக்கும். மேல் ரிபப்ளிகன் வட்டத்தில் ஐந்தாண்டுக்கு 65 அங்குலம், அதாவது ஆண்டுக்குச் சராசரி 13. கிழக்கே போகப்போக மழை அதிகம் என்பதால் கீழ் வட்டத்தில் ஆண்டுக்கு 9.

130 ஏக்கர் சுற்றும் ஒரு பிவட்டுக்கு 13 அங்குலம் என்றால் 1,690 ஏக்கர்-அங்குலம். நொடிக்கு 50 லிட்டர் இறைக்கும் பம்பு அதை இரவும் பகலும் ஓடி 40 நாளில் தீர்த்துவிடும். மக்காச்சோளப் பருவம் நான்கு மாதத்துக்கு மேல். எனவே பூக்கும் பருவத்துக்கு எவ்வளவு வைத்துக்கொள்வது, முதல் நீரைத் தள்ளிப்போடலாமா, ஒரு பகுதியைக் கோதுமைக்கு மாற்றலாமா என்று விவசாயி ஐந்தாண்டுத் திட்டம் போட்டாக வேண்டும். ஒதுக்கீட்டை ஆண்டு ஆண்டாகப் பூட்டாமல் ஐந்தாண்டுக்குச் சேர்த்துத் தருவது இதற்காகத்தான். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மிச்சம் பிடித்ததை வறண்ட ஆண்டில் செலவழிக்கலாம்.

இதெல்லாம் நடக்க ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மானி வேண்டும். குழாய்க்குள் சுழலும் விசிறி கொண்ட மானிதான் அங்கே பரவலானது. மானிக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் குறைந்தது ஐந்து முதல் பத்து மடங்கு நீளத்துக்கு வளைவு, வால்வு எதுவும் இல்லாத நேர்க்குழாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் சுழித்துக்கொண்டு வந்து தப்பான அளவைக் காட்டும். குழாய் நிரம்பி ஓடாவிட்டாலும் அளவு பிசகும்.

வரம்பு போடும் இடங்களிலெல்லாம் திரும்பத் திரும்ப நடக்கும் கோளாறுகள் சில. புதிய கிணற்றுக்குத் தடை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே ரிக் வண்டிகள் வரிசைகட்டும். தடை அமலாகும் நாளில் கிணறு கூடியிருக்கும். அடுத்தது சிக்கனப் பாசன மானியம். வாய்க்கால் பாசனத்திலிருந்து சொட்டு நீருக்கு மாறினால் இறைப்பு குறையும். ஆனால் முன்பு வயலிலிருந்து வடிந்து நிலத்துக்கும் ஆற்றுக்கும் திரும்பிய நீரும் நின்றுவிடும். மிச்சமான நீரில் பக்கத்து நிலத்தையும் பாசனம் செய்தால், தீர்ந்துபோகும் நீர் முன்பைவிடக் கூடிவிடும். பாசனப் பரப்புக்கு உச்சவரம்பு இல்லாத சொட்டுநீர் மானியம் ஆற்றுக்கு உதவாது. பலருக்கு இது கசக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

வரம்பு போதாதபோது நெப்ராஸ்கா வேறொரு வழியைப் பிடித்தது. 2012இல் நான்கு வட்டங்கள் சேர்ந்து லிங்கன் கவுண்டியில் சுமார் 19,500 ஏக்கர் பண்ணையை வாங்கின. அங்கே பாசனத்தை நிறுத்திவிட்டு, கிணற்று நீரைக் குழாய் வழியாக ஓடையில் விட்டு ரிபப்ளிகன் ஆற்றுக்கு அனுப்புகிறார்கள். தள்ளியிருக்கும் கிணற்றில் இறைத்தால் அதன் பாதிப்பு ஆற்றுக்கு வரப் பல ஆண்டாகும், ஊற்றிய நீரோ இன்றைக்கே எல்லையைக் கடந்துவிடும். தாமதத்தையே ஆயுதமாக்கிய சாமர்த்தியம் இது. வருங்காலத்திடம் கைமாற்று வாங்குவது என்றும் சொல்லலாம். கொலராடோவும் இதேபோல் ஒரு குழாய் போட்டது. அதற்கு முன் 2011இல் போனி என்ற நீர்த்தேக்கத்தையே திறந்து காலிசெய்தது, அங்கே ஆவியாகும் நீரும் அதன் செலவுக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்ததால்.

அதிகம் அடிபட்டவர்கள் நெப்ராஸ்காவிலேயே ஆற்றுக் கால்வாயை நம்பியிருந்த விவசாயிகள். கிணற்றை நிறுத்தினால் பலன் ஆறு வந்து சேரப் பல ஆண்டு. கால்வாயை அடைத்தால் பலன் உடனே. எல்லைக் கணக்கு இடித்த 2013இல் மாநில அரசு அவர்களுடைய நீரைத்தான் நிறுத்திக் கீழே அனுப்பியது. இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கில் 2017இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இல்லையென்றது.

காவிரியில் 10 டிஎம்சி

இனி நம் ஊருக்கு வருவோம். 2007 பிப்ரவரி 5இல் வந்த காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 740 டிஎம்சியைப் பங்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14 சூழலுக்கும் தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கும். எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவு நிலையத்தில் கர்நாடகம் தர வேண்டியது 192 டிஎம்சி. டெல்டாவின் நிலத்தடி நீரை மன்றம் பங்கில் சேர்க்கவில்லை.

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. டெல்டாவில் சுமார் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருப்பதாக ஆவணங்கள் காட்டுகின்றன, அளவுக்கு மீறி இறைக்கும் ஆபத்தைக் கருதி அதில் 10ஐ மட்டும் கணக்கில் எடுக்கலாம் என்று முடிவுசெய்தது. பெங்களூரு குடிநீர் முதலியவற்றுக்காக இன்னொரு 4.75. ஆக மொத்தம் 14.75 டிஎம்சி கர்நாடகத்துக்குக் கூடி, பிலிகுண்டுலு அளவு 177.25 ஆனது.

ரிபப்ளிகன் ஆற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே கிணறு ஆற்றுக்கு வைக்கும் செலவு. மேல்மாநிலத்தின் பெயரில் எழுதினார்கள். இங்கே கிணறு கீழ்மாநிலத்தின் கையிருப்பு. அதைக் காட்டி ஆற்றுப் பங்கைக் குறைத்தார்கள். டெல்டாவில் நீரோட்டத்தின் திசையும் வேறு. கல்லணைக்குக் கீழே பெரும்பாலும் ஆறும் வாய்க்கால்களும்தான் நிலத்துக்கு நீர் ஊட்டுகின்றன. வடிமுனைக் கிணற்றில் (ஃபில்டர் பாயின்ட்) எடுப்பதில் ஒரு பகுதி வடகிழக்குப் பருவமழை தந்தது. இன்னொரு பகுதி மேட்டூரிலிருந்து வந்து வயலில் தேங்கிக் கீழே இறங்கிய அதே காவிரி நீர். பின்னதைத் தனி வரவாக எழுதினால் ஒரே நீரை இரண்டு தடவை எண்ணியதாகும். ஆற்றில் விடுவதைக் குறைத்தால் அந்த ஊட்டமும் குறையும் என்பதும் அதே கணக்கின் அடுத்த வரி. நாகப்பட்டினம் பக்கம் நன்னீர் அழுத்தம் குறைந்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும், அங்கே வரம்பு என்பது அளவைப் பொறுத்தது மட்டுமல்ல.

பெங்களூருவின் குடிநீரில் பாதி நிலத்தடியிலிருந்து கிடைக்கும் என்று நடுவர் மன்றம் எண்ணியிருந்ததை இதே தீர்ப்பு தள்ளிவிட்டது. டெல்டாவில் நிலத்தடி நீர் வரவு, பெங்களூருவில் இல்லை. இரண்டு முடிவுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு என்றாலும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது உறுத்தத்தான் செய்கிறது.

மேலே, கர்நாடகப் படுகையில் ஓடும் கிணறுகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இயல்பான ஆண்டில் பிலிகுண்டுலுவில் 177.25 வந்துவிட்டால் மேலே யார் எவ்வளவு இறைத்தாலும் நமக்குக் கவலையில்லை. பஞ்ச ஆண்டில்தான் சிக்கல். கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளின் நீர்வரத்து முந்தைய முப்பதாண்டுச் சராசரியைவிட எத்தனை சதவீதம் குறைவு என்று பார்த்து, அந்த விகிதத்தில் திறப்பையும் குறைக்கிறார்கள். 2023இல் நாம் செய்திகளில் கேட்ட 50 சதவீதப் பற்றாக்குறை என்பது இந்தக் கணக்குத்தான். அணைகளுக்கு மேலே இறைத்ததால் ஓடைகள் குறைந்திருந்தால், அந்தக் குறைவும் மழைக்குறைவோடு சேர்ந்து வறட்சி என்று பதிவாகிவிடும். இரண்டையும் பிரிக்க, கிணறுகளை அணைத்தும் ஓட்டியும் பார்க்கும் மாதிரி தேவை. மேல்காவிரி பெரும்பாலும் கெட்டிப் பாறை நிலம், மணல்படுகைச் சூத்திரம் அங்கே அப்படியே செல்லாது. ஆனாலும் செய்யக்கூடிய வேலைதான்.

மாதிரிக்குத் தீனி இறைப்பின் அளவு. நம்மிடம் இல்லாதது அதுவே. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் தொட்டு, நிலத்துக்குக் கீழே இருப்பது நிலத்துக்காரருக்கு என்பது வழக்கம். 1956ஆம் ஆண்டு மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுச் சட்டம் ஆற்றையும் ஆற்றுப்படுகையையும் பற்றிப் பேசுகிறது, கிணறு வேறு எங்கோ இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். நடைமுறைக்கு வராமலே 2013இல் திரும்பப் பெற்றார்கள். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது, அதனால் யூனிட்டை வைத்து இறைப்பைக் கணக்கிடவும் வழியில்லை. இருப்பது பிர்கா (வருவாய்க் கிராமங்கள் சில சேர்ந்த பகுதி) வாரியான மதிப்பீடு. ஆண்டு ஊட்டத்தில் 70 சதவீதம் வரை இறைத்தால் பாதுகாப்பான பிர்கா, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்குமேல் அதிநுகர்வு. பிர்காவின் ஆரோக்கியத்தைச் சொல்ல இது போதும். அந்த இறைப்பு எந்த ஆற்றை, எந்த ஆண்டில், எத்தனை டிஎம்சி குறைக்கிறது என்பதை இது சொல்லாது.

2018 தீர்ப்பின் பங்கீடு 15 ஆண்டுக்கு மாறாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2033இல் இந்த 10 டிஎம்சி மறுபடி மேசைக்கு வரலாம். ஆற்றோரம் 1 கிலோமீட்டருக்குள் உள்ள கிணற்றின் பாதிப்பு ஓராண்டில் தெரியும். 5 கிலோமீட்டரில் உள்ளதற்குப் பத்தாண்டு அளவு வேண்டும். மாதந்தோறும் நீர்மட்டம், சாம்பிளாகத் தேர்ந்தெடுத்த சில நூறு மோட்டார்களிலாவது மானி, மதகு வாரியாக வாய்க்கால் கசிவு என்ற மூன்றையும் இப்போதே எழுதத் தொடங்கினால்தான் அந்த நேரத்தில் காட்ட ஏதாவது இருக்கும்.